அம்மா பக்கத்தில்தான் இருப்பாள்

புனேயில் கட்கி பஜாரில் இறங்கி, ஜப்பான் பாஷை பேசுகிற தமிழரசி வீடு எது என்று 2004-இல் கேட்டிருந்தால், டீக்கடைக்காரர் கடையை விட்டு இறங்கி வந்து வழி காட்டியிருப்பார். இப்போது கேட்டால் முதலில் உங்கள் கையைப் பார்க்கிறார்கள், சம்மன் ஏதாவது இருக்கிறதா என்று. பிறகு, "எந்தக் கோர்ட்லேர்ந்து வர்றீங்க?" என்கிறார்கள்.

அவள் அப்பா சவரிமுத்து வெடிமருந்துத் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். குடும்பம் ஆற்காட்டுப் பக்கத்திலிருந்து வந்தது. தமிழரசி பிறந்தது, வளர்ந்தது எல்லாம் கட்கி குவார்ட்டர்ஸில். வீட்டிலும் ஞாயிற்றுக்கிழமை பூசையிலும் தமிழ், பள்ளியில் இந்தி, தெருவில் மராத்தி. பத்து வயதிலேயே அக்கம்பக்கத்துப் பெண்கள் ரேஷன் ஆபீசுக்கும் ஆஸ்பத்திரிக்கும் அவளைக் கூட்டிக்கொண்டு போவார்கள். டாக்டர் மராத்தியில் திட்டுவதை அவள் தமிழில் அப்படியே திட்டுவாள். "நீ இன்னாத்துக்குடி என்னத் திட்ற?" என்று ஒருத்தி அவளையே அறைந்ததும் உண்டு.

தொண்ணூறுகளின் நடுவில் புனேயில் ஜப்பானிய மொழி படிப்பது ஒரு அலை மாதிரி இருந்தது. பி.காம். முடித்த கையோடு அவளும் மாலை வகுப்பில் சேர்ந்தாள். சவரிமுத்துவுக்கு அது வேடிக்கையாக இருந்தது.

"ஜப்பான் பாஷ படிச்சு இன்னா பண்ணப் போற? கட்கி பஜார்ல எந்த ஜப்பான்காரன் கத்திரிக்கா விக்கிறான்?"

"கம்பெனிங்க வருதுப்பா. ஆளுங்க வருவாங்க."

"வரட்டும். வந்தா அவனுக்கு நீ இந்தி கத்துக் குடு. அது சீக்கிரம் ஆவும்."

கம்பெனிகள் வந்தன. தமிழரசி மொழிபெயர்ப்பாளராகத் தொழிற்சாலை தொழிற்சாலையாகச் சுற்றினாள். அந்தத் தொழிலுக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. பேசுகிறவர் "நான்" என்றால் மொழிபெயர்ப்பவரும் "நான்" என்றே சொல்ல வேண்டும். "நான் இந்தப் பாகத்தை ஏற்க மாட்டேன்" என்று ஜப்பானிய இன்ஜினியர் சொன்னால், தமிழரசியும் மராத்தி ஃபோர்மேனைப் பார்த்து "நான் இந்தப் பாகத்தை ஏற்க மாட்டேன்" என்பாள். அறையில் அவள் இருப்பதே தெரியக்கூடாது. தெரியாமல் இருப்பதில் அவள் நல்ல பெயர் எடுத்திருந்தாள்.

2003-இல் அவளைத் தேடி ஒரு ரிசார்ட் கம்பெனி வந்தது. ரிசார்ட் கொங்கண் கரையில் இருந்தது, புனேயிலிருந்து காட் மலைப்பாதையில் இறங்கிப் போனால் அரை நாள் பயணம். பெயர் சாகர்மிதா. தென்னந்தோப்பு, சவுக்குக் காடு, வெள்ளை மணல், குடும்பங்களுக்கென்றே கட்டிய குடில்கள். அலுவலகம் புனே விமான் நகரில். அதன் தலைமை மேலாளர் பட்டாபிராமன், பாணேரில் வசிக்கும் தமிழர், இருபது வருடமாக ஹோட்டல் தொழிலில் இருப்பவர். முதல் நாளே அவளிடம் தமிழில் பேசினார்.

"புனேல இப்ப எத்தனை ஜப்பான் குடும்பம் இருக்கு தெரியுமோ? பாம்பேல அதைவிட ஜாஸ்தி. லீவு விட்டா அவா எல்லாரும் பாலி, குவாம்னு பறந்துடறா. நம்ம கடல்ல என்ன குறைச்சல்? ஒரு ஃபூஜி மலைப் படம், நாலு காகித லாந்தர், பச்சை மீன் பண்ற சமையல்காரன் ஒருத்தன். போறாதா?"

"சார், நான் போயி அவங்கள ஒரு வாட்டி கேட்டுட்டு வரட்டுமா?"

"கேளேன். யார் வேண்டாம்னா?"

பாணேரில் ஒரு அடுக்குமாடியின் ஒன்பதாவது மாடியில் ஒகுமுரா குடும்பம் இருந்தது. கணவர் வாகன உதிரிபாகத் தொழிற்சாலையில் இன்ஜினியர். மனைவி சதோமி. ஒரே மகள் மியு, அப்போது மூன்று வயது. தமிழரசி அங்கே போன அன்று இன்னும் சில ஜப்பானியப் பெண்களும் வந்திருந்தார்கள். கடலைப் பற்றிக் கேட்டாள். கடல் நன்றாக இருக்கும் என்றார்கள். சாப்பாட்டைப் பற்றிக் கேட்டாள். எதுவானாலும் பரவாயில்லை என்றார்கள். அவர்கள் எல்லாவற்றுக்கும் அப்படித்தான் சொல்வார்கள் என்பது அவளுக்குத் தெரியும். டீயைக் குடித்துக்கொண்டு பேசாமல் உட்கார்ந்திருந்தாள்.

சதோமிதான் மெல்லப் பேச ஆரம்பித்தாள்.

"இந்த ஊருக்கு வந்ததிலிருந்து மியுவின் கையை விட்டு நான் நடந்ததே இல்லை. கீழே இறங்கினால் நாய். தெருவுக்குப் போனால் லாரி. லிஃப்ட் நின்றுவிடும். பால்கனிக் கம்பி அகலம். குளிக்கப் போனால்கூடக் கதவைத் திறந்துவைத்துக்கொண்டுதான் குளிக்கிறேன். என் தங்கை குவாமுக்குப் போனாள். அங்கே குழந்தைகளுக்குத் தனி கிளப் இருக்கிறதாம். காலையில் ஒப்படைத்துவிட்டால் மாலையில் போய் வாங்கிக்கொள்ளலாம். ஏதாவது என்றால் நம் மொழியில் சொல்ல ஒரு ஆள் இருப்பாராம். அவள் ஒரு நாள் முழுக்கத் தூங்கினாளாம். கடலைப் பார்க்கவேயில்லை."

மற்ற பெண்கள் சிரித்தார்கள்.

மறுநாள் விமான் நகரில் பட்டாபிராமனிடம் தமிழரசி சொன்னாள். "சார், மீன் வேணாம், லாந்தர் வேணாம். அவங்க கொழந்தைங்கள வாங்கிக்க நம்பிக்கையான ஆளு வேணும். அவங்க பாஷை பேச ஒரு ஆளு வேணும். அவ்ளோதான்."

"அவ்வளவுதானா? பாஷைக்கு நீ இருக்கே. குழந்தைகளைப் பாத்துக்க உள்ளூர்ப் பொண்ணு ஒண்ணைப் போட்டாப் போச்சு."

'ஆமைக்குட்டி கிளப்' பிறந்தது அப்படித்தான். பெரிய நீச்சல் குளத்துக்குப் பக்கத்தில் ஒரு கூடாரம், சுவரெல்லாம் ஆமைகள், முழங்கால் ஆழத்தில் ஒரு குட்டிக் குளம். இரண்டு குளங்களுக்கும் நடுவே இடுப்புயரச் செம்பருத்தி வேலி, ஓரத்தில் ஆள் போக ஒரு சந்து. பக்கத்துக் கிராமத்திலிருந்து சுவர்ணா என்ற பெண் வேலைக்கு வந்தாள். பத்தாவது முடித்தவள், வாயாடி, குழந்தைகளைக் கண்டால் தானும் குழந்தையாகிவிடுவாள். குழந்தைகளை எங்களிடம் விட்டுவிட்டு ஓய்வெடுங்கள் என்று ஆங்கில விளம்பரத்தில் பட்டாபிராமன் எழுதினார். அதைத் தமிழரசி ஜப்பானிய மொழியில் எழுதினாள்.

ஆங்கிலத்தில் படித்தவர்கள் அந்த வரியைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பம்பாயிலிருந்தும் புனேயிலிருந்தும் வருகிற குடும்பங்கள் குழந்தையைக் கிளப்பில் விடுவார்கள், கூடவே ஆயாவையும் விடுவார்கள். கொஞ்ச நேரத்தில் சித்தி எட்டிப் பார்ப்பாள். அப்பா கேமராவோடு வருவார். பெரியம்மா பிஸ்கட் கொண்டுவருவாள். அம்மா எதிர் நாற்காலியில் உட்கார்ந்து, சுவர்ணா செய்வதையெல்லாம் குறை சொல்வாள். கிளப் அப்படியே பழகிவிட்டது. சாப்பாட்டுக் கூடத்தில் ஆள் குறைந்தால் சுவர்ணாவைக் கூப்பிடுவார்கள். பிறந்தநாள் கேக் தூக்க, நாற்காலி போட, பலூன் கட்ட. அவள் ஓடிப் போய்விட்டு வருவாள். குழந்தைகளுக்கு ஒன்றும் ஆனதில்லை. ஏனென்றால் எந்தக் குழந்தைமீதும் எப்போதும் ஒரு வீட்டுக் கண் இருந்தது.

ஜப்பானியக் குடும்பங்கள் அந்த வரியை நம்பின. குழந்தையின் தொப்பியில் பெயர், தோளில் தண்ணீர் பாட்டில், மாற்று உடை ஒரு பையில். தாயும் தகப்பனும் சுவர்ணாவின் முன் நின்று குனிந்து வணங்கி, பையை இரண்டு கையாலும் நீட்டுவார்கள். பிறகு திரும்பிப் பார்க்காமல் கடற்கரையின் அடுத்த கோடிக்குப் போய்விடுவார்கள்.

சுவர்ணாவுக்கு இது பெரிய அதிசயம்.

"மேடம், இந்த அம்மாங்களுக்குப் பாசமே கிடையாதா? திரும்பிக்கூடப் பாக்காம போறாங்களே."

"உன்மேல நம்பிக்கை, சுவர்ணா."

"என்மேலயா?" சுவர்ணா துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டு சிரித்தாள். "என் அம்மா ஒரு ஆட்டுக்குட்டியக் கூட என்னை நம்பி விட மாட்டா!"

முதல் வருடம் எல்லாம் நன்றாக நடந்தது. ஜப்பானியக் குழந்தைகள் இருந்த நாளெல்லாம் தமிழரசியும் கிளப்பிலேயே இருந்தாள். மொழிக்காக என்று சொல்லி உட்கார வைத்திருந்தார்கள். சுவர்ணாவைச் சாப்பாட்டுக் கூடத்துக்குக் கூப்பிட்டாலும் கூடாரத்தில் ஒரு ஆள் இருந்தது. அந்த ஆள்தான் கிளப் என்பதை யாரும் யோசிக்கவில்லை, அவள் உட்பட.

பேச்சு பரவியது. சதோமி தன் தோழிகளிடம் சொன்னாள், தோழிகள் பம்பாயில் சொன்னார்கள். அடுத்த சீசனில் ஜப்பானியக் கூட்டம் மூன்று மடங்கு. தமிழரசியை எல்லா இடத்துக்கும் கூப்பிட்டார்கள். வரவேற்பறைக்கு, படகுத் துறைக்கு, வயிற்று வலிக்காரரோடு டாக்டரிடம். கிளப்பில் உட்கார அவளுக்கு நேரமில்லை. ஒருமுறை பட்டாபிராமனிடம் கேட்டாள்.

"சார், கிளப்புக்கு இன்னொரு ஆள் போடணும். இவங்க நம்ம ஆளுங்க மாதிரி இல்ல. விட்டா விட்டதுதான். திரும்பி வர மாட்டாங்க."

"குளத்துக்கு லைஃப் கார்டு இருக்கானோல்லியோ? இந்த சீசன் போகட்டும், பாக்கலாம்."

2005 டிசம்பர் கடைசி. ஜப்பானியருக்கு வருட முடிவு நீண்ட விடுமுறை. நம் ஊர்க்காரர்களுக்குப் புத்தாண்டுக் கொண்டாட்டம். ரிசார்ட் நிரம்பி வழிந்தது. ஒகுமுரா குடும்பம் மூன்றாவது முறையாக வந்திருந்தது. மியுவுக்கு ஐந்து வயது. "தமிழ்-சான்" என்று ஓடிவந்து காலைக் கட்டிக்கொள்வாள்.

அன்று காலை தமிழரசி வேறு ஜப்பானியக் குழுவோடு டால்ஃபின் பார்க்கப் படகில் போயிருந்தாள். புனேயிலிருந்து வந்திருந்த பட்டாபிராமன் அவளை அனுப்பிவிட்டு வாசலுக்குப் போனார். ஒரே நேரத்தில் இரண்டு சொகுசுப் பேருந்துகள் வந்து நின்றன. பெட்டி இறக்க ஆள் போதவில்லை. குளத்தருகே நின்றிருந்த லைஃப் கார்டைக் கையசைத்துக் கூப்பிட்டார். பெட்டியை இறக்கு என்றார்.

சாப்பாட்டுக் கூடத்திலிருந்து சுவர்ணாவுக்கும் குரல் வந்தது. நாற்காலி போட வேண்டும். கூடாரத்தில் நாலைந்து குழந்தைகள் இருந்தார்கள். பம்பாய்க் குழந்தைகளின் ஆயாக்கள் நிழலில் உட்கார்ந்து கதை பேசிக்கொண்டிருந்தார்கள். மியு குட்டிக் குளத்தில் பிளாஸ்டிக் வாளியில் தண்ணீர் மொண்டு கொட்டிக்கொண்டிருந்தாள். அம்மா பக்கத்தில்தான் இருப்பாள் என்று சுவர்ணா நினைத்தாள். ஓடிப்போய் வந்துவிடலாம் என்று போனாள்.

ஒகுமுராவும் சதோமியும் கடற்கரையின் மறு கோடியில், சவுக்கு நிழலில் தூங்கிக்கொண்டிருந்தார்கள்.

பெரிய குளத்தின் அடியில் மியுவைப் பார்த்தவர் ஜூஸ் கொண்டுபோன ஒரு வெயிட்டர். ஆயாக்கள் செம்பருத்தி வேலிக்கு இந்தப் பக்கம் இருந்தார்கள். தாங்கள் பார்க்க வேண்டிய குழந்தைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

படகு கரை தட்டியபோது தமிழரசிக்குச் செய்தி சொன்னது படகோட்டி. அவருக்கு யாரோ கரையிலிருந்து கத்திச் சொன்னார்கள். தாலுகா ஆஸ்பத்திரியில் டாக்டர் உறுதி செய்துவிட்டார் என்றும் அப்போதே தெரிந்துவிட்டது.

மதியத்துக்குமேல் ரிசார்ட் அலுவலக அறையில் விசாரணை. சப்-இன்ஸ்பெக்டர் மேசைக்குப் பின்னால். பட்டாபிராமன் ஜன்னலருகே. எதிரில் ஒகுமுரா, நேராக நிமிர்ந்து, தொடைமேல் கைகளை வைத்து. பக்கத்தில் சதோமி, மடியில் தொப்பி. வராந்தாவில், தரையில், முழங்காலைக் கட்டிக்கொண்டு சுவர்ணா. அவளுக்குக் காவலாக ஒரு பெண் கான்ஸ்டபிள்.

ஒகுமுரா ஒரே கேள்விதான் கேட்டார். அழவில்லை, சத்தம் போடவில்லை.

"அந்த நேரத்தில் என் மகளைப் பார்த்துக்கொண்டிருந்தவர் யார்?"

தமிழரசி அதைப் பட்டாபிராமனுக்குச் சொன்னாள். இந்தியில் சொன்னாள், அவர் தமிழில் பதில் சொன்னார்.

"லைஃப் கார்டு ட்யூட்டில இருந்தான், அந்தப் பொண்ணும் இருந்தா, கண் மூடித் திறக்கறதுக்குள்ள நடந்துடுத்துன்னு சொல்லு."

"சார், அவன நீங்கதான வாசலுக்குக் கூப்ட்டீங்க? பெட்டி எறக்க?"

"யார் சொன்னா நோக்கு?"

"அவனே சொன்னான், சார். அழுதுக்கினு சொன்னான்."

சப்-இன்ஸ்பெக்டர் நிமிர்ந்தார். மராத்தியில் கேட்டார். "இது என்ன, இதுவும் ஜப்பானியா?"

"தமிழ், சாஹேப்," என்றார் பட்டாபிராமன். "அவங்களுக்கு எப்படிச் சொல்றதுன்னு பேசிக்கறோம்."

"சீக்கிரம் ஆகட்டும்."

அந்த அறையில் தமிழ் தெரிந்தவர்கள் இரண்டே பேர். பட்டாபிராமன் குரலைத் தாழ்த்தவேண்டிய அவசியம்கூட இருக்கவில்லை. வெளியிலிருந்து பார்த்தால் ஆறுதல் சொல்வது மாதிரிதான் இருந்திருக்கும். அவர் கண்களும் கலங்கித்தான் இருந்தன.

"தமிழரசி, நான் சொல்றதைக் கேளு. குழந்தை போயிடுத்து. நீ என்ன சொன்னாலும் வரப்போறதில்லை. நானும் ரெண்டு பொண்ணு பெத்தவன். ஆனா யாருமே இல்லைன்னு நீ சொன்னா என்ன ஆகும் தெரியுமா? போலீஸ் யாரைக் கூட்டிண்டு போவான்? என்னையா? கம்பெனியையா? வெளியில உக்காந்துண்டிருக்காளே, அவளை. பத்தொம்பது வயசு. நன்னா யோசி. கூட ஒரு வார்த்தை வேண்டாம். நான் சொன்னதை அப்படியே சொல்லு. அதானே உன் வேலை?"

ஒகுமுரா காத்திருந்தார். தன் கேள்விக்கு இவ்வளவு நீண்ட பதிலா என்று அவர் முகம் கேட்டது.

தமிழரசி திறந்திருந்த கதவு வழியாகச் சுவர்ணாவைப் பார்த்தாள். பிறகு ஒகுமுராவின் பக்கம் திரும்பினாள்.

"நான் இனிச் சொல்லப்போவது பட்டாபிராமன் சொன்னதல்ல," என்றாள் ஜப்பானிய மொழியில். "இப்போது பேசுவது நான், தமிழரசி. லைஃப் கார்டு குளத்தருகே இல்லை. பெட்டி இறக்க அவரை வாசலுக்கு அனுப்பினார்கள். சுவர்ணாவைச் சாப்பாட்டுக் கூடத்துக்குக் கூப்பிட்டார்கள். நீங்கள் பக்கத்தில் இருப்பீர்கள் என்று நினைத்து அவள் போனாள். இங்கே வருகிற பெற்றோர் பக்கத்திலேயேதான் இருப்பார்கள். யாரும் பார்த்துக்கொண்டிருக்கவில்லை."

சதோமி முதல்முறையாக வாய் திறந்தாள்.

"அப்படியென்றால் மியு தனியாக இருந்தாளா?"

"ஆமாம்."

"இதை அவர்களிடம் அவர்கள் மொழியில் சொல்வீர்களா?" என்றார் ஒகுமுரா.

பட்டாபிராமனுக்கு ஒரு சொல்லும் புரியவில்லை. ஆனால் வாக்கியங்கள் அதிகம் என்பது புரிந்தது. "என்ன சொன்னே? தமிழரசி, என்ன சொல்லிண்டிருக்கே நீ?"

அவள் சப்-இன்ஸ்பெக்டரைப் பார்த்து மராத்தியில் சொன்னாள். லைஃப் கார்டை அனுப்பியவர் யார், சுவர்ணாவை எங்கே கூப்பிட்டார்கள், கிளப்புக்கு இன்னொரு ஆள் கேட்டுத் தான் யாரிடம் போனாள், எல்லாம். வராந்தாவில் இருந்தவளுக்கும் அது கேட்டது.

அதன்பிறகு நடந்தது பட்டாபிராமன் சொன்னது போலவேதான். லைஃப் கார்டைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். பட்டாபிராமனின் முகத்தைப் பார்த்துவிட்டு, யாரும் அனுப்பவில்லை, நானாகத்தான் போனேன் என்றான். சாப்பாட்டுக் கூடத்தின் பொறுப்பாளர், சுவர்ணாவை நான் கூப்பிடவேயில்லை என்றார். பொழுது சாய்வதற்குள் ஜீப் வந்தது. ஏறும்போது சுவர்ணா தமிழரசியிடம் கேட்டாள்.

"மேடம், நான் போன வருஷமும் இப்படித்தானே போனேன்? அப்ப நீங்க ஒண்ணும் சொல்லலியே?"

பெண் கான்ஸ்டபிள் அவள் தலையைத் தாழ்த்தி உள்ளே அமர்த்தினாள்.

தமிழரசி கட்கிக்குத் திரும்பியபோது அம்மா அந்தோணியம்மாள் சமைத்ததை எடுத்து வைத்தாள். தமிழரசி சாப்பிடவில்லை.

"ஏம்மே, நீ வாய மூடிக்கினு இருந்திருக்கலாம்ல? கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லிட்டு வர வேண்டியதுதான?" என்றாள் அந்தோணியம்மாள்.

"கேட்டதுக்குத்தாம்மா சொன்னேன்."

"யாரு கேட்டதுக்கு?"

"பெத்தவங்க கேட்டதுக்கு."

"அந்தப் பொண்ணயும் ஒருத்தி பெத்துதான வச்சிருக்கா?"

சவரிமுத்து ரேடியோவை நிறுத்தினார். "உடு அந்தோணி. அவ துன்னட்டும்," என்றார்.

ரிசார்ட் வேலை அன்றே போய்விட்டது. அதை அவள் எதிர்பார்த்தாள். தொழிற்சாலைகள் கூப்பிடுவதை நிறுத்தும் என்று எதிர்பார்க்கவில்லை. புனேயில் ஜப்பானிய மொழிபெயர்ப்பாளர் வட்டம் சின்னது. பேசக் கொடுத்ததை விட்டுத் தன் பேச்சைப் பேசியவள் என்பது ஒரு வாரத்தில் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. செய்தது சரி என்று தோள்தட்டிச் சொன்னவர்களும் அடுத்த மீட்டிங்குக்கு வேறொருவரை அழைத்தார்கள். கடைசியில் விமான் நகரில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் இடம் கிடைத்தது. ஜப்பானியக் கையேடுகளை ஆங்கிலத்தில் பெயர்க்கும் வேலை. நாள் முழுக்கத் திரை. எதிரில் பேசுகிற மனிதர் எவரும் கிடையாது.

ஒகுமுரா தம்பதி பிப்ரவரியில் ஜப்பான் திரும்பினார்கள். வழியனுப்பப் போன தமிழரசியிடம் சதோமி தன் தொலைபேசி எண்ணைக் கொடுத்தாள். "என்ன முடிவாகிறதோ அதைச் சொல்லுங்கள்," என்றாள். மன்னித்தேன் என்றோ மன்னிக்கவில்லை என்றோ சொல்லவில்லை.

வழக்கு நான்கு வருடம் நடந்தது. லைஃப் கார்டும் சுவர்ணாவும் குற்றம் சாட்டப்பட்டவர்கள், இருவரும் ஜாமீனில். பட்டாபிராமனின் பெயர் குற்றப்பத்திரிகையில் இல்லை. கம்பெனி அவரைத் தெற்கே வேறொரு ஹோட்டலுக்கு மாற்றியது. ரிசார்ட் ஒரு மழைக்காலம் மூடிக் கிடந்துவிட்டு, வேறு பெயரோடு திறந்தது. புதிய விளம்பரத்தில் ஆமைகள் இல்லை.

தமிழரசி முக்கியச் சாட்சி. ஒவ்வொரு வாய்தாவுக்கும் ஸ்வார்கேட் பஸ் நிலையத்தில் அரசு பஸ் ஏறி, காட் இறங்கி, தாலுகா கோர்ட் வராந்தாவில் போய் உட்காருவாள். அதே பெஞ்சில் சுவர்ணாவும் அவள் அம்மாவும் இருப்பார்கள். முதல் வருடம் அந்த அம்மா தமிழரசியைக் கண்டாலே எழுந்து வேப்பமரத்தடிக்குப் போய்விடுவாள். வழக்கு ஒத்திவைக்கப்படும், எல்லோரும் பஸ் ஸ்டாண்டுக்கு நடப்பார்கள். இரண்டாவது வருடம் சுவர்ணாவுக்குக் கல்யாணம் நடந்தது, அவளைவிட ரொம்ப மூத்த ஒருவரோடு. கேஸ் இருக்கிற பெண்ணுக்கு வேறு யார் கிடைப்பார்கள் என்று அந்த அம்மா முதல்முறையாகத் தமிழரசியிடம் பேசினாள். திட்டுவதற்காகத்தான் பேசினாள். அடுத்த வாய்தாவில், பஸ் நேரமாகிவிட்டதே, சாப்பிட்டாயா என்று கேட்டாள். அதற்கடுத்த வாய்தாவில் பாக்ரி ரொட்டியும் சட்னியும் கொண்டுவந்தாள்.

நான்காவது வருடம் சுவர்ணா இடுப்பில் ஆண் குழந்தையோடு வந்தாள். வராந்தாவில் குழந்தை தவழ்ந்து போக, அவள் பேசிக்கொண்டே போய்ப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள். மறுபடி போனது, மறுபடி இழுத்தாள்.

"மேடம், ஒண்ணு கேக்கலாமா? நாலு வருஷமா ஜெயில்ல, வீட்ல, இங்க, எல்லா இடத்துலயும் யோசிச்சுட்டேன். அவங்க ஏன் பக்கத்துல இல்ல?"

தமிழரசி சொல்லிப் பார்த்தாள். ஒன்பதாவது மாடியைச் சொன்னாள். தெரு நாய்கள், லாரி, திறந்து வைத்த குளியலறைக் கதவு எல்லாவற்றையும் சொன்னாள். அவர்கள் ஊரில் ஒருவர் பொறுப்பு ஏற்றுக்கொண்டால் அங்கே போய் நின்று பார்ப்பதே அவரை அவமானப்படுத்துவது என்றாள். சுவர்ணா கவனமாகக் கேட்டாள். எல்லாம் கேட்டுவிட்டுச் சொன்னாள்.

"சரி மேடம். ஆனா பக்கத்துல இருந்திருக்கலாம்ல?"

2009 இறுதியில் தமிழரசியின் சாட்சியம் எடுக்கப்பட்டது. அன்று சப்-இன்ஸ்பெக்டரிடம் மராத்தியில் சொன்னதையே மறுபடி சொன்னாள். அரசு வக்கீலுக்கு அவசரம், வேறு வழக்குகள் இருந்தன. சுவர்ணாவின் வக்கீல் அவளை நெடுநேரம் கேட்டார். லைஃப் கார்டை அனுப்பியதை நேரில் பார்த்தீர்களா? இல்லை, படகில் இருந்தேன். சுவர்ணாவைக் கூப்பிட்ட குரலைக் கேட்டீர்களா? இல்லை. அப்படியானால் அவள் தானாகப் போனாள் என்பதற்கும் சாட்சி இல்லை, அல்லவா? ஆமாம், இல்லை.

சில வாரம் கழித்துத் தீர்ப்பு வந்தது. இருவரும் விடுதலை. அலட்சியம் யாருடையது என்று நிரூபிக்கப்படவில்லை. சம்பவ நேரத்தில் குளத்தருகே பொறுப்பானவர் எவரும் இருக்கவில்லை என்பது மட்டும் ஐயமின்றித் தெரிகிறது என்று மாஜிஸ்திரேட் வாசித்தார்.

சுவர்ணா குழந்தையைத் தமிழரசியின் கையில் கொடுத்துவிட்டு அம்மாவைக் கட்டிக்கொண்டு அழுதாள். பிறகு அவசரமாகக் குழந்தையைத் திரும்ப வாங்கிக்கொண்டாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வந்ததும் தமிழரசி ஜப்பானுக்குத் தொலைபேசி செய்தாள். சதோமிதான் எடுத்தாள். தீர்ப்பைத் தமிழரசி தொழில்முறையில், ஒவ்வொரு பகுதியாகச் சொன்னாள். யாருக்கும் தண்டனை இல்லை என்பதையும் சொன்னாள்.

 

"அந்தப் பெண்ணும் வீட்டுக்குப் போய்விட்டாளா?" என்றாள் சதோமி.

"போய்விட்டாள்."

"அவளுக்குக் குழந்தைகள் இருக்கிறார்களா?"

"ஒரு பையன். இப்போதுதான் நடக்கக் கற்றுக்கொள்கிறான்."

"அப்படியா." "அவளிடம் சொல்லுங்கள். அவனை யாரிடமும் ஒப்படைக்க வேண்டாம். பக்கத்திலேயே இருக்கச் சொல்லுங்கள். எவ்வளவு தூக்கம் வந்தாலும்."

இத்தனை நாள் சிரமம் எடுத்துக்கொண்டதற்கு நன்றி என்று முறைப்படி சொல்லிவிட்டு சதோமி வைத்துவிட்டாள்.

சுவர்ணாவின் கிராமத்தில் மளிகைக் கடைக்குப் போன் செய்தால் அவளைக் கூப்பிட்டுக் கொடுப்பார்கள். தமிழரசி இரண்டு மூன்று முறை அந்த எண்ணைச் சுற்றினாள். பையன் எப்படி இருக்கிறான் என்று கேட்டாள். மழை உண்டா என்று கேட்டாள். சதோமி சொன்னதை மட்டும் அவளால் இன்றுவரை மராத்தியில் சொல்ல முடியவில்லை.